பெரிய பிள்ளைக்கு, அம்மாவின் வருத்தம் பற்றி

அன்புள்ள பெரிய பிள்ளைக்கு,

நான் நலம். நீயும் மருமகனும் நலமாக இருக்க முருகன் துணை. நீ பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற செய்தி சித்தி சொல்லித்தான் தெரிந்தது. கோபம் இல்லை. போனில் கதைத்தால் தங்கச்சியின் பெயர் வந்ததும் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். முழுக்க வாசி.

குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று அங்கே டொக்டர் கேட்டிருப்பார். நீயும் இல்லை என்று சொல்லியிருப்பாய். அடுத்தமுறை போகும்போது ஓம் என்று சொல். அம்மாவுக்கு இருந்தது. இருதுருவ மனநிலைக் கோளாறு என்று எழுதியிருக்கிறார்கள், மனம் ஒருகாலம் அளவுக்கு மீறித் துள்ளும், ஒருகாலம் அடியோடு சோரும். அது முதல்முதல் வந்தது உன்னைப் பெற்ற பிறகு.

1988. இந்திய ஆமி நின்ற காலம், பொழுதுபட்டால் ஊரடங்கு. நாங்கள் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில், கடற்கரைக்கு நாலு வேலி தள்ளி இருந்தோம். நீ பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அம்மாவுக்கு நித்திரை இல்லாமல் போனது. முதலில் அதை நாங்கள் சந்தோஷம் என்றுதான் நினைத்தோம். கலகலவென்று கதைத்தா, விடிய முதல் எழும்பி முற்றம் கூட்டினா. பிறகு, பத்தியக் கறியில் அம்மம்மா நஞ்சு போட்டுவிட்டா என்று சட்டியைக் கவிழ்த்தா. ஒரு இரவு உன்னையும் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டா. பிள்ளையைக் கடலில் தோய்த்தெடுத்தால் ஒருத்தராலும் சுட முடியாது என்று கடலே சொன்னதாம். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது தண்ணீர் அவவின் முழங்காலுக்கு மேலே நின்றது. நீ கையைச் சூப்பிக்கொண்டு கிடந்தாய். அன்றைக்கு ஆமியின் கண்ணில் படாமல் எப்படித் திரும்பி வந்தோம் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

அம்மா தெளியும்வரை அம்மம்மாதான் உனக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தா. அம்மாவை விட அம்மம்மாவில் ஏன் இவ்வளவு வாரப்பாடு என்று நீயே சிரித்துக் கேட்டிருக்கிறாய்.

அதன் பிறகு லித்தியம், மனநிலையைச் சமமாக வைத்திருக்கிற மருந்து. தைராய்டு குளிசை என்று உங்களுக்குச் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. லித்தியம் நெடுங்காலம் எடுத்தால் சிலருக்குத் தைராய்டு குறையும், அம்மாவுக்கும் குறைந்தது, அதற்கும் ஒரு குளிசை எடுத்தா. இடைக்கிடை இரத்தம் எடுத்து அளவு பார்க்கவேண்டும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் திரிந்தாலோ வயிற்றோட்டம் வந்தாலோ மருந்து இரத்தத்தில் கூடி, கை நடுங்கும். சித்திரை வெயிலுக்குள் அம்மாவின் பின்னால் செம்போடு திரிந்தேனே, அது இதற்குத்தான். 1990இல் இடம்பெயர்ந்த பிறகு மருந்துத் தட்டுப்பாடு. சில மாதம் குளிசையே கிடைக்கவில்லை, அந்த நாட்களை விவரிக்க விருப்பம் இல்லை. ஆனால் 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே மழைக்குள் நடந்து வெளியேறியபோது, தங்கச்சியைத் தோளில் போட்டு உன் கையையும் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியது அம்மாதான். நான் சாமான் கட்டிய சைக்கிளோடு பதகளித்துக்கொண்டு நின்றேன். எங்கள் எல்லோரிலும் அன்றைக்குத் தெளிவாக இருந்தது அவதான்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாய். எங்கள் ஊரில் கலியாணம் பேச வருகிறவன் சாதகம் பார்க்க முதலே அயலில் விசாரிப்பது இதைத்தானே. விசர் இருக்கிற குடும்பம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், இரண்டு குமரும் வீட்டோடு. அம்மாவும் தெளிந்திருக்கும் நேரமெல்லாம் என்னிடம் கேட்டது ஒன்றுதான், பெரியவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சரி என்றேன். உன் கலியாணம் ஒப்பேறியது. அதில் எனக்கு மனவருத்தம் இல்லை, திரும்ப அந்த நிலைமை வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

தங்கச்சிக்குத் தெரிந்தது நான் சொல்லி இல்லை. வீட்டோடு இருந்தவள், கண்டுபிடித்துவிட்டாள்.

இனிக் காப்புக் கதை. அம்மா உனக்குப் போன் எடுத்து, சின்னவள் என் காப்பு எல்லாவற்றையும் விற்றுச் சாப்பிட்டுவிட்டாள் என்று அழுதா. நீ நம்பினாய், தாய் சொன்னால் யார் நம்பமாட்டார்கள். அந்தக் கிழமை அம்மா நித்திரையே கொள்ளவில்லை. காப்புகளைக் கழற்றிக் கோயில் வாசலில் இருந்த யாரோ ஒரு மனுசிக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தா. தங்கச்சி பிறகு போய்த் தேடினாள், அந்த மனுசியைக் காணவில்லை. அம்மா தெளிந்த பிறகு, போனில் சொன்னது அவவுக்கே நினைவில்லை. நீ கள்ளி என்று பேசியதைத் தங்கச்சி கேட்டுக்கொண்டு இருந்தாள், திருப்பி ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் அந்தியேட்டிக்குக் கீரிமலையில் நாங்கள் நின்றதை நினைத்துப் பார். அஸ்தியைக் கரைத்துவிட்டுக் கேணிப் பக்கம் ஏறி வரும்போது, ஈரச் சேலையோடு தங்கச்சியை மறித்து, காப்பு எங்கே என்று நீ கேட்டாய். ஐயரும் சனமும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள், “அம்மாவுக்கு என்ன இருந்ததெண்டு உனக்குத் தெரியுமோ” என்று தொடங்கினாள். தொடங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விறுவிறு என்று வான் வண்டியில் போய் ஏறினாள். குற்றம் இருக்கிறபடியால்தான் வாய் அடைத்தது என்று நீ சித்தியிடம் சொன்னதாகக் கேள்வி.

உன் செய்தியைச் சொன்னபோது தங்கச்சி முதலில் கேட்டது, “எத்தனை மாதம்?” அடுத்த நிமிஷம் அலுமாரியைத் திறந்து அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துவிட்டாள். தூசி தட்டி, மருந்து எழுதியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடித்தாள். டொக்டரின் எழுத்து விளங்காத இடங்களில் தானே ஒரு துண்டில் வடிவாக எழுதி, பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். அடுத்தநாள் கிளினிக்குக்கே போய் விசாரித்து வந்தாள்.

அவர்கள் சொன்னது இது. பிரசவத்துக்குப் பிறகு இப்படி வருவது ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு. தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல், ஆனாலும் வராமல் விடுகிறவர்கள்தான் அதிகம். வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்கும். பிள்ளை நித்திரை கொண்டும் தாய்க்கு நித்திரை வராவிட்டால், கதை வழமைக்கு மாறாக வேகமாகப் போனால், யாரோ கெடுதல் செய்வதாக நினைத்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. நேரத்தோடு மருந்து தொடங்கினால் மாறுகிற வருத்தம். இதை மருமகனுக்கும் சொல். உனக்கே அப்படி இருந்தால் உனக்குத் தெரியவராது, அவர்தான் கவனிக்க வேண்டும். இரவில் ஒரு பால் நேரத்தையாவது அவர் பார்க்கட்டும். அவரிடம் இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்று தயங்குவாய். இந்தக் கடிதத்தையே கொடு, நான் எழுதினேன் என்று சொல்.

தாயை நினைத்து விரதம் இருக்கிற சித்திராப் பறுவத்துக்கு நீ வரமுடியாது என்று தெரியும். நாங்கள் இருவரும் கீரிமலைக்குப் போவோம், கஞ்சி வழமைபோல. நீ அங்கே விரதம் கிரதம் என்று பட்டினி கிடக்க வேண்டாம், இந்த நிலைமையில் அம்மாவே பேசுவா.

கொப்பிப் படங்களை நேரே உனக்கு அனுப்பத் தங்கச்சி உன் புது நம்பரைக் கேட்கிறாள். என்னிடம் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் நான் கொடுக்கவில்லை. கொடுக்கட்டோ?

இப்படிக்கு,
அப்பா