எண்ணெய் மில்லு எஞ்சினை காப்பாத்தி குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எண்ணெய் மில்லுல கெடந்த ரஸ்டன் கம்பெனி பழைய ஆயில் எஞ்சின் போன வாரம் எங்க பாலிடெக்னிக் பழைய பட்டறை கூடத்துல, அதுக்குன்னே போட்ட சிமென்ட் மேடையில வந்து உக்காந்துருச்சு. பதினாலு மாசம் ஆச்சு. கூடத்தை சின்ன மியூசியமா மாத்திட்டோம், இதான் அங்க முதல் பொருள். உதவி பண்ணவங்க யாரும் பேர் போட வேணாம்னு சொல்லிட்டீங்க, அதனால போடல, ஆனா யாரை சொல்றேன்னு அவங்கவங்களுக்கு தெரியும்.

எங்க தாத்தா அந்த மில்லுல எஞ்சின் டிரைவரா இருந்தவரு. ஒரே ஒரு எஞ்சின், அதுல இருந்து பெல்ட் போயி லைன் ஷாப்டுங்கிற நீள இரும்பு தண்டை சுத்தும், ஷாப்ட்ல இருந்து செக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பெல்ட்டு. எஞ்சின் சூட்டை தணிக்க ஓடுற தண்ணி பின்னாடி தொட்டியில வந்து விழும், மார்கழி மாசம் விடியகாலையில தெருவுல பாதி வூட்டு பொம்பளைங்க குடத்தோட அங்கதான் நிப்பாங்களாம், வெந்நீருக்கு வெறகு செலவு மிச்சம்னு எங்க ஆயா சொல்லிட்டே இருக்கும். அந்த மில்லை இடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டு ஒரு தடவை பாத்துட்டு வரலாம்னுதான் போனேன். புண்ணாக்கு சாக்கு மூட்டைக்கு பின்னாடி, கரி புடிச்சு, கிரீஸ் காஞ்சு, ஒரு ஆள் உயரத்துக்கு பிளைவீலோட, அதாவது எஞ்சினோட சுத்துற கனமான சக்கரத்தோட, அப்படியே நிக்குது.

முதல் நன்றி அங்க இரும்பு எடுக்க வந்த அண்ணனுக்கு. அவர் முழு காசும் கட்டிட்டாரு, சம்மட்டியும் கேஸ் கட்டரும் வந்து எறங்கிடுச்சு, நான் போயி ஏதோ பேசுறேன், "இன்னாமா, வார்ப்பிரும்புமா இது, கிலோ கணக்கு, இதுக்கு இன்னா இவ்ளோ பேச்சு"ன்னு கேட்டாரு. நான் பேர் தகட்டை துடைச்சு காட்டினேன். ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி, லிங்கன், இங்கிலாந்துன்னு இருந்துச்சு. ரஸ்டன் ஒரு கம்பெனி, ஹார்ன்ஸ்பி ஒரு கம்பெனி, ரெண்டும் ஒண்ணா சேந்தது 1918ல, அதனால எஞ்சின் அதுக்கு அப்புறம் வந்ததுதான். ஆனா ஹார்ன்ஸ்பி கம்பெனி ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட்டோட 1890 பேட்டன்ட்டை வாங்கி கிராந்தம் ஊர்ல 1892லயே ஆயில் எஞ்சின் வித்துட்டு இருந்தாங்க, ருடால்ஃப் டீசலோட எஞ்சின் ஒழுங்கா ஓடி காட்டினதே 1897லதான். இதை அங்க நின்னு மூச்சு விடாம சொன்னேன், அண்ணன் கேட்டுட்டு கட்டரை திருப்பி வண்டியில ஏத்த சொல்லிட்டாரு. ரெண்டு வாரம் டைம் குடுத்தாரு, எஞ்சினோட எடைக்கு உள்ள காசை மட்டும் மில்லுக்காரர் குடும்பத்துகிட்ட திருப்பி வாங்கிக்கிட்டாரு, அவங்களும் எஞ்சினை எங்களுக்கு சும்மாவே எழுதி குடுத்துட்டாங்க. அந்த குடும்பத்துக்கும் நன்றி.

அப்புறம் ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆன கலாசி மாமாங்க, கனமான சாமானை நகத்துறவங்க, ஆறு பேர். சந்து ஆறடி, மேல கரண்ட் ஒயரு, கிரேன் உள்ள வர வழியே இல்ல. மூணு டன்னுக்கு மேல எடை. ஸ்லீப்பர் கட்டை, பைப்பு ரோலர், ஆப்பு, சங்கிலி இழுத்து எடை தூக்குற செயின் பிளாக் ரெண்டு, அவ்ளோதான். பிளைவீலை தனியா கழட்டி, ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு விடியிறதுக்குள்ள மெயின் ரோட்டுக்கு கொண்டாந்துட்டாங்க, ஒரு வூட்டு திண்ணையில கூட கீறல் விழல. கூலின்னு ஒரு ரூபா வாங்கல, டீ மட்டும் குடிச்சாங்க.

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆன ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்கு உண்மையாவே தெரியல. 1855ல செஞ்ச ஃபேரி குயின்ங்கிற நீராவி ரயில் எஞ்சினையும், அதே வருஷம் செஞ்ச இ.ஐ.ஆர். 21ங்கிற இன்னொரு நீராவி எஞ்சினையும் திரும்ப ஓட வச்சது அந்த பட்டறைதான். இ.ஐ.ஆர். 21 நூறு வருஷம் ஜமால்பூர்லயும் ஹௌராவுலயும் காட்சிப் பொருளா நின்னுட்டு 2010ல இங்க வந்து உயிர் பெற்ற எஞ்சின். ஐயா வந்ததும் ஸ்பேனர் கேக்கல, நோட்டு கேட்டாரு. ஒரு நட்டை தொடுறதுக்கு முன்னாடி படம் எடு, எழுது, எந்த வாஷர் எங்க இருந்துச்சுன்னு டப்பா போட்டு நம்பர் ஒட்டுன்னாரு.

பிஸ்டன் துருவுல இறுகி போயி அசையவே இல்ல. பசங்க ஹெட்டை கழட்டி உள்ள டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊத்தினாங்க, பத்து நாள் ஆயும் ஒண்ணும் ஆகல. ஐயா பாத்துட்டு சொன்னாரு, இது படுத்த சிலிண்டர், நீங்க ஊத்துற எண்ணெய் அடியில தேங்கி நிக்கும், மேல் பாதி துருவுக்கு சொட்டு கூட போகாதுன்னு. பழைய துணியை எண்ணெயில முக்கி மேல் பக்கமா அடைச்சு, மரக்கட்டை முட்டு குடுத்து, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும், சுத்தியல எடுத்து ஒரு அடி அடிச்சாலும் வார்ப்பு விரிசல் விட்டுரும்னாரு. ஏழு வாரம் மாத்தினோம். அப்புறம் ஹெட் போல்ட்டுலயே ஒரு சேனலை கட்டி ஜாக்கியை முட்டு குடுத்து மெதுவா தள்ளினப்போ ஒரு நூல் நகந்துச்சு. ஒரே ஒரு நூல்தான், ஆனா பசங்க போட்ட சத்தத்துல ஆபீஸ்ல இருந்து ஆள் ஓடி வந்துட்டாங்க. பேரிங்குக்கு ஒயிட் மெட்டல்ங்கிற மெத்தான கலப்பு உலோகத்தை ஊத்தி கடைஞ்சு குடுத்த கொருக்குப்பேட்டை லேத்து பட்டறை அண்ணனுக்கும், ஞாயித்துக்கிழமை கூட வந்த ரெண்டாம் வருஷ பசங்களுக்கும் நன்றி.

பெயின்ட் அடிக்கலையான்னு நெறைய பேர் கேக்குறீங்க. அடிக்க மாட்டோம். கிரீஸ் அடியில பழைய பச்சை பெயின்ட் அங்கங்க அப்படியே இருக்கு, லீவர் புடிக்கிற இடத்துல கை பட்டு பட்டு இரும்பு வழவழன்னு தேஞ்சிருக்கு, அதுல எங்க தாத்தா கையும் உண்டு. அதை மூடி பளபளன்னு ஆக்கிட்டா அப்புறம் என்னத்த பாக்குறது? சுத்தம் பண்ணி மெழுகு பூசி விட்டுருக்கோம். எரிபொருள் போட்டு ஓட்டவும் போறதில்ல, ஸ்டார்ட் பண்ண காத்து அடைச்சு வைக்கிற பழைய டேங்கை நம்பி பிரஷர் ஏத்த முடியாது, ஓட ஓட மிச்சம் இருக்குற பழைய பாகமும் தேயும். கையால சுத்தி காட்டுவோம்.

கடைசியா தண்டையார்பேட்டை தாத்தா. எங்க தாத்தாகிட்ட எஞ்சினுக்கு எண்ணெய் விடுற ஆயில்மேனா பன்னெண்டு வயசுல சேந்தவரு. ஆட்டோ புடிச்சு வந்தாரு, கண்ணு சரியா தெரியாது, பிளைவீல் விளிம்பை கையால தடவிட்டே சுத்தி வந்து ஒரு இடத்துல நிறுத்தி "இங்க சொரண்டு பாப்பா"ன்னாரு. சொரண்டினா துருவுக்கு அடியில உளியால வெட்டின ஒரு கோடு. ஸ்டார்ட் பண்ண பிஸ்டன் ஹெட் பக்க முனையை தாண்டி கொஞ்சம் தள்ளி நிக்கணும், அப்பதான் காத்து வால்வை திறந்ததும் சரியான பக்கம் சுத்தும். பிளைவீலை கம்பி போட்டு நெம்பி அந்த கோட்டுக்கு கொண்டாந்து நிறுத்துறதுதான் அவரோட காலை வேலையாம். உங்க தாத்தா எனக்காக வெட்டி குடுத்தது, எனக்கு அப்போ அளவு தெரியாதுன்னாரு. இவ்ளோ மாசம் நாங்க அந்த விளிம்பை துடைச்சுட்டுதான் இருந்தோம், எங்க யார் கண்ணுலயும் அது படல.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு கூடம் திறந்து இருக்கும், யார் வேணா வரலாம், புள்ளைங்களை கூட்டிட்டு வாங்க. எஞ்சின் மேல இருந்த பித்தளை ஆயில் கப்பு ரெண்டு இன்னும் கெடைக்கல, கண்ணாடி வச்ச சொட்டு கப்பு, மில்லு பக்கத்து தெருவுல யார் வூட்டு பரண்லயாச்சும் கெடந்தா குடுங்க. மில்லு உள்ள எடுத்த போட்டோ ஏதாச்சும் இருந்தாலும் குடுங்க, காப்பி எடுத்துட்டு அன்னிக்கே திருப்பி குடுத்துடுவோம்.