931 கால்பந்து ஆட்டம் ஆடியவரைப் பற்றித் தம்பிக்கு

கிரிம்ஸ்பி, இங்கிலாந்து

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். சந்தோஷம். குறைந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று அம்மாவிடம் நீயே சொல், நான் சொன்னால் போனில் சரி சரி என்று முடித்துவிடுகிறார். நான் நலம். வார்டில் இந்த மாதம் இரவு ஷிஃப்ட்தான் அதிகம்.

நீ அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "இருபத்தஞ்சு ஆகப்போகுது, ஐ.எஸ்.எல். கிளப் ஒண்ணும் எட்டிக்கூடப் பாக்கல, இனி ஸ்டாப்பரா நடுத் தடுப்புல நின்னு என்னத்துக்கு, பூட்டைக் கழற்றிப் போட்டுட்டு நானும் அங்க வந்துரட்டா" என்று கேட்டிருக்கிறாய். வருவதும் வராததும் உன் விருப்பம். ஆனால் நம் நாட்டுக் கால்பந்தில் ஐ.எஸ்.எல். போன்ற மேல்மட்டத்தில் ஆடாதவன் ஆட்டக்காரனே இல்லை என்கிற மாதிரி பேசினாய் பார், அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போனில் பேசினால் இடையில் சண்டை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருக்கும் இந்த ஊரில் 1959இல் டோனி ஃபோர்ட் என்று ஒருவர் பிறந்தார். 1975இல், பதினாறு வயதில், ஊர் அணியான கிரிம்ஸ்பி டவுனுக்கு முதல் ஆட்டம் ஆடினார். கடைசி ஆட்டம் 2001இல், நாற்பத்திரண்டு வயதில், ராச்டேல் அணிக்கு. இடையில் லீக்கில் மட்டும் 931 ஆட்டங்கள். கோல்கீப்பர்களை விட்டுவிட்டால், இங்கிலாந்து லீக் வரலாற்றில் இவரைவிட அதிகம் ஆடியவர் யாருமில்லை. அவருக்கு மேலே இருப்பது 1,005 ஆட்டம் ஆடிய பீட்டர் ஷில்டன், அவர் கோல்கீப்பர். இதையெல்லாம்விட நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த 931இல் ஒன்றுகூட மேல்மட்ட டிவிஷன் ஆட்டம் இல்லை. எல்லாமே இரண்டாவது, மூன்றாவது, நான்காவது டிவிஷன்கள்.

இங்கே பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள். நம்மூர் டீக்கடையில் ராத்திரி டிவி போட்டுப் பார்ப்பது அவ்வளவுதான். அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் டிவிஷனுக்கு 24 வீதம் 72 கிளப்புகள். அதற்கும் கீழே நேஷனல் லீக், அப்புறம் மாவட்ட அளவு வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். கீழ் டிவிஷன் அணி ஒரு சீசனில் லீக்கில் மட்டும் 46 ஆட்டம் ஆட வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்று, பல வாரம் செவ்வாய் இரவும் ஒன்று. மழை, சேறு, ஜனவரிக் குளிர் எதுவும் கணக்கில்லை. இதில் இருபத்தாறு வருஷம் காலைக் காப்பாற்றி ஒரு மனிதர் நின்றிருக்கிறார் என்றால், ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், அதுவே பெரிய காரியம். முட்டியும் கணுக்காலும் முப்பது வயதிலேயே என்ன பாடுபடும் என்று நான் தினமும் பார்க்கிறேன்.

அவர் ஆடிய ஊர்களைப் பார். கிரிம்ஸ்பி, மீன்பிடித் துறைமுகம். 1986இல் கிளப் கொஞ்ச நாள் கடனாக ஆட அனுப்பிய சண்டர்லேண்ட், கப்பல் கட்டிய ஊர். பிறகு ஸ்டோக், பீங்கான் ஊர். பர்மிங்ஹாம் பக்கத்து வெஸ்ட் பிராம்விச். மறுபடியும் கிரிம்ஸ்பி. அங்கிருந்து கடனாக பிராட்ஃபோர்ட், அது கம்பளி ஆலைகளின் ஊர். ஸ்கந்தோர்ப், இரும்பு உருக்கும் ஊர். லீக்குக்கே வெளியில் இருந்த பாரோவில் சில நாள். அப்புறம் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த மேன்ஸ்ஃபீல்ட், கடைசியாகப் பஞ்சாலை ஊரான ராச்டேல். இங்கிலாந்தின் பழைய தொழில்கள் எல்லாவற்றின் வாசலிலும் அவர் ஒரு சட்டை போட்டு ஆடியிருக்கிறார். அந்தத் தொழில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

கிரிம்ஸ்பியில் என்ன நடந்தது என்பது உனக்குச் சொல்லாமலே புரியும், நாம் கடற்கரைப் பிள்ளைகள். இங்கிருந்து டிராலர்கள் ஐஸ்லாந்து பக்கம் போய் காட் மீன் பிடித்து வந்தன. ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை நீட்டி 200 மைல் என்று அறிவித்ததும் பெரிய தகராறு. 1976இல் அது முடிந்தபோது கிரிம்ஸ்பியின் தூரக்கடல் மீன்பிடிப்பும் முடிந்துபோனது. இன்றும் ஊர் முழுக்க மீன் பதப்படுத்தும் ஆலைகள்தான், ஆனால் மீனின் பெரும்பகுதி ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருகிறது. படகுகள் நின்றுபோன அந்த வருஷங்களில்தான் ஊர் அணி எழுந்தது. 1979இல் நான்காவது டிவிஷனிலிருந்து மேலே, அடுத்த வருஷமே மூன்றாவது டிவிஷனில் முதலிடம். இரண்டிலும் டோனி ஃபோர்ட் இருந்தார். எங்கள் வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவர், பழைய டிராலர்காரர், தன் கப்பல் விற்கப்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, இந்த இரண்டு சீசனுக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வலது ஓரத்தில் ஃபோர்ட் எப்படி ஓடுவார் என்று போர்வையின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். மேல்மட்டம் போகாத ஆட்டக்காரரை ஊர் இப்படி வைத்திருக்கிறது, மக்கா.

இன்னொன்றும் உண்டு. டோனி ஃபோர்ட் கறுப்பினத்தவர். அவர் ஆட வந்த எழுபதுகளில் கறுப்பு வீரர்கள் பந்தைத் தொட்டால் கேலரியிலிருந்து குரங்குபோல் கத்துவதும், வாழைப்பழம் எறிவதும் இங்கே சர்வசாதாரணம். இங்கிலாந்தின் தேசிய அணிக்கு முதன்முதலாக ஒரு கறுப்பு வீரர், விவ் ஆண்டர்சன், ஆடியதே 1978இல்தான். அவரும் டிஃபெண்டர். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய், சனிக்கிழமை தவறாமல், வேறு ஊர்க்காரர்கள் முன்னால் வலது ஓரத்தில் நின்று ஆடுவதற்கு எப்படிப்பட்ட நெஞ்சு வேண்டும்! இந்த ஊரில் என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். ஆனாலும் பேருந்தில் யாராவது முறைத்துப் பார்க்கும் நாளில் எனக்கு அவர் நினைவு வரும்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அவர் தொடங்கியது விங்கில், அதாவது ஓரமாக ஓடி முன்னேறும் இடத்தில். கோலும் போட்டார். வயது ஏறி வேகம் குறைந்ததும் பின்னால் இறங்கி வலது பேக், அதாவது வலது பக்கத் தடுப்பு ஆட்டக்காரர் ஆனார். நூறு ஆட்டத்தில் கற்ற ஒன்றை ஐந்நூறாவது ஆட்டத்தில் வேறு இடத்தில் நின்று பயன்படுத்தினார். விங்கர் என்ன செய்வான் என்று ஒரு பழைய விங்கருக்குத் தெரியாதா? மேன்ஸ்ஃபீல்டுக்கு ஆடப் போகும்போது அவருக்கு வயது முப்பத்தேழு. டெரி பெய்ன் என்பவர் வைத்திருந்த 824 ஆட்டச் சாதனையை அங்கேதான் தாண்டினார். ஆடிக்கொண்டிருந்தபோதே அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது. உனக்கு இருபத்தைந்து. உன் இடத்தில் நின்றே ஆடித் தீர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? உன் இடது கால் நன்றாக இருக்கிறது, ஸ்டாப்பரைவிட இடது பேக்கில் உனக்கு ஆயுசு அதிகம் என்பது என் எண்ணம்.

இங்கே கீழ் டிவிஷன் வாழ்க்கை சுகமான வாழ்க்கை என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம், இல்லையென்றால் இரண்டு. ஜூன் 30 அன்று முடியும். சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் பட்டியல் போடும். விடப்பட்டவர் அந்தக் கோடை முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அழைப்பு வந்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு வீடு மாற வேண்டும், பிள்ளைக்குப் புதுப் பள்ளி. இல்லையென்றால் தினமும் மணிக்கணக்கில் கார் ஓட்டிப் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். நாலைந்து வீரர்கள் சேர்ந்து ஒரே காரில் போவதும் உண்டு. முன்பெல்லாம் இன்னும் மோசம். 1961 வரை வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் எந்த வீரருக்கும் கொடுக்கக் கூடாது என்று விதியே இருந்தது. வீரர்கள் சங்கம் போராடித்தான் அதை உடைத்தது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் தீர்ப்பு வரும்வரை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் போகும் கிளப்பிடம் பழைய கிளப் பணம் கேட்கலாம்.

அந்தச் சங்கம் 1907இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு என்ன என்பதற்குப் படிப்புச் செலவில் உதவுகிறது. சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்த பழைய ஆட்டக்காரர்கள் பலர் உண்டு. இது உனக்கு மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆடிக்கொண்டே படிப்பதில் ஒரு அவமானமும் இல்லை. நீ பாதியில் விட்ட பி.பி.எட். உடற்கல்விப் படிப்பு என்ன ஆயிற்று?

டோனி ஃபோர்ட் பழைய காலம் என்பாய். இப்போதைய ஆள் ஒருவரைச் சொல்கிறேன். டைரல் வாரன், வலது பேக். சின்ன வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியில் இருந்தார். அங்கே மேலே போக வழி கிடைக்காமல் ஹாலிஃபாக்ஸ், பாரோ என்று ஆடி கிரிம்ஸ்பிக்கு வந்தார். 2025 ஆகஸ்ட் 27 அன்று லீக் கோப்பையில் அதே மான்செஸ்டர் யுனைடெட் இங்கே வந்தது. கிரிம்ஸ்பி நான்காவது டிவிஷன் அணி. முதல் பாதியிலேயே 2-0, இரண்டாவது கோல் வாரன் போட்டது. கடைசியில் 2-2 ஆகி, பெனால்டியில் 12-11 என்று கிரிம்ஸ்பி ஜெயித்தது. மறுநாள் காலை டியூட்டிக்குப் போனால் நோயாளிகள் யாரும் வலியைப் பற்றிப் பேசவில்லை.

2022இல் நேஷனல் லீக்கிலிருந்து மேலே வருவதற்கான பிளே-ஆஃப் கதையும் அப்படித்தான். ரெக்சம் ஊரில் அரையிறுதி. 4-4 என்று நீண்டுகொண்டே போய், எக்ஸ்ட்ரா டைமின் 119ஆவது நிமிடத்தில் லூக் வாட்டர்ஃபால் தலையால் முட்டிப் போட்ட கோலில் 5-4. அவர் உன்னைப் போல ஸ்டாப்பர், கீழ் டிவிஷன்களிலும் அதற்குக் கீழேயும் கிளப் கிளப்பாக ஆடிவந்தவர். இந்த ஊரில் அந்தக் கோலைத் தெரியாத பிள்ளை கிடையாது.

ஆட்டம் பார்க்க எப்படிப்பட்ட இடம் என்று கேட்டிருந்தாய். மைதானத்தின் பெயர் பிளண்டெல் பார்க். அது கிரிம்ஸ்பியில் இல்லை, ஒட்டியிருக்கும் கிளீதோர்ப்ஸில். ஒன்பதாயிரம் பேர் இருக்கலாம். ஒரு பக்க ஸ்டாண்டின் பழைய பகுதி 1901இல் கட்டியது. மேல் வரிசையில் உட்கார்ந்தால் ஹம்பர் கழிமுகமும், போகும் கப்பல்களும் தெரியும். ரசிகர்கள் காற்றடைத்த பெரிய மீன் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எதிரணிக்காரர்கள் மீன் நாற்றம் என்று கேலி செய்தால், மீன் பிடிக்கும்போதுதான் பாடுவோம் என்று இவர்களே பாட்டுப் பாடுகிறார்கள். நம் கரையில் சர்ச் திருவிழாவுக்கு நடக்கும் டோர்னமெண்ட்டை இங்கே ஆடினால் ஆட்கள் வித்தியாசமே காண மாட்டார்கள்.

இப்போது உன் விஷயம். மலப்புரத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட வருஷா வருஷம் போகிறாய். இந்த வாரம் ஒரு கிளப், அடுத்த வாரம் இன்னொரு கிளப், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான ஆட்கள் முன்னால் ஆடுகிறாய். அதைச் சொல்ல உனக்கு ஏன் கூச்சம்? கூப்பிடுகிறார்கள் என்றால் நீ வேண்டியவன். ஒரு டிஃபெண்டரை மறுபடியும் கூப்பிடுவது சும்மா நடக்காது, நீ நின்ற பக்கம் கோல் விழவில்லை என்று யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இங்கே வர நினைத்தால், ஆட்டத்தில் தோற்று ஓடி வருகிறேன் என்ற நினைப்போடு வராதே. வேலை விசாவுக்கு ஆங்கிலத் தேர்வும் படிப்பும் வேண்டும், அதற்கான வழியை நான் விசாரித்துச் சொல்கிறேன். வந்தாலும் இங்கே ஞாயிற்றுக்கிழமை லீக்குகள் நிறைய இருக்கின்றன, உன்னை ஆடாமல் விடமாட்டேன்.

இந்த சீசனுக்குப் புது மேனேஜர் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாயே, போவதற்கு முன் ஒன்றைக் கேட்டு வாங்கு. இங்கே ஒப்பந்தத்தில் இருக்கும் வீரருக்கு அடிபட்டாலும் சம்பளம் வரும், சிகிச்சையைக் கிளப் பார்க்கும். உனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, ஆடாத நாட்களுக்குக் கூலி உண்டா என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள். தர மறுத்தால் வேறு கிளப்பைப் பார். பழைய ஷின் கார்டை மாற்று, பணம் இந்த வாரம் அனுப்புகிறேன். பூட் அளவு எட்டா எட்டரையா என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்