தண்டவாளம் அரசாங்கத்தின் சொத்து, ஷெல் யாருடையது?

பளை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோசம். முழங்கால் நோவுக்கு இன்னும் எண்ணெய்தான் பூசிக்கொண்டிருக்கிறாயா? பேசாமல் ஒரு வைத்தியரிடம் போய்க் காட்டு. இங்கே மழை பிந்தித்தான் வந்தது, ஆனாலும் நெல் தப்பிவிட்டது. மற்றப்படி எல்லோரும் சுகம்.

நீ எழுதிய மியூனிக் கதையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 2021 டிசம்பரில் ரயில் பாதை வேலைக்காக நிலத்தைத் துளைத்தபோது உலகப் போர்க் காலத்து 250 கிலோ குண்டு வெடித்து நாலு பேர் காயப்பட்டதும், நகரத்தின் ரயில்கள் நின்றுபோனதும், நீ வேலைக்குப் போக வழியில்லாமல் குளிரில் நின்றதும். போர் முடிந்து 76 வருடத்துக்குப் பிறகு! அதை எழுதிவிட்டு, முடிவில் எனக்கு ஒரு கொக்கியும் போட்டிருந்தாய்: "எங்கடை தண்டவாளத்தைக் கழற்றி வித்தது எங்கடை சனம்தானே, பிறகேன் எல்லாத்துக்கும் அரசாங்கத்தைக் குறை சொல்லுறியள்?" சரி, அதற்கே பதில் எழுதுகிறேன்.

1905இல் கொழும்புக் கோச்சி (ரயில்) யாழ்ப்பாணம் வந்தது. 1956இல் யாழ்தேவி கடுகதி ரயில் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் நின்றது. அதன்பிறகு பாதைக்குக் காவலும் இல்லை, சொந்தக்காரனும் இல்லை. நீ அடுத்த வருடமே வெளிக்கிட்டுவிட்டாய், அதனால் பாதை எப்படி மறைந்தது என்பதைக் கண்ணால் காணவில்லை. முதலில் சிலிப்பர் கட்டைகள் போயின, பிறகு தண்டவாளங்கள். போனது பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு. புலிகள் இயக்கமும் எடுத்தது, ஆமியும் எடுத்தது. தண்டவாளத்தைக் குறுக்கே அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டால் ஷெல் (எறிகணை) விழுந்தாலும் கூரை தாங்கும். எங்கள் வளவுகளில் பெரும்பாலும் பனங்குற்றிப் பங்கர்தான், ஆனால் இரும்பு கிடைத்தவன் இரும்பைப் போட்டான். பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்கப் போட்ட கூரையைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை, அதையும் மறைக்கவில்லை. மாட்டுக் கொட்டிலுக்குத் தூண், படலைக்குக் கம்பம், பள்ளிக்கூடத்துக்கு மணி என்று துண்டு துண்டாகப் போனது. 2009க்குப் பிறகு பழைய இரும்பு லொறிகள் வந்து மிச்சத்தையும் ஏற்றின. ஆனால் மச்சான், ஒரு முழுத் தண்டவாளத்தைத் தூக்க எட்டுப் பத்துப் பேர் வேண்டும், கொண்டுபோக உழவு இயந்திரம் வேண்டும், வழியெல்லாம் காவலரண். துவக்கு வைத்திருந்தவனுக்குத் தெரியாமல் ஒரு முழத் துண்டுகூட நகர்ந்திருக்காது. ஓமந்தையிலிருந்து பளை வரைக்கும் மட்டும் 90 கிலோமீற்றர். அதைச் சனம் தோளில் சுமந்துபோய் விற்றது என்பது கணக்குக்கே ஒத்துவராது.

சட்டத்தைப் பார். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துகள் சட்டம் இருக்கிறது. அதில் மாட்டினால் பிணை எடுப்பதே பெரும்பாடு, தண்டப்பணம் சொத்தின் பெறுமதியைப் போல மூன்று மடங்கு வரைக்கும் போகும். எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவன் துருப்பிடித்த தண்டவாளத் துண்டை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அகப்பட்டு, மறியலில் இருந்துவிட்டு வந்தான். சட்டப்படி சரிதான், அரசாங்கத்தின் இரும்பு. முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்தாலும், யார் கழற்றிப் போட்டிருந்தாலும் அது அரசாங்கத்தின் இரும்பு.

அப்புறம் அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்காரர் மலசலகூடத்துக்குக் குழி வெட்ட, மண்வெட்டியில் எறிகணை ஒன்று தட்டுப்பட்டது. 119க்கு அடித்தார். பொலிஸ் வந்து நாடா கட்டிவிட்டுப் போனது. செயலிழக்கச் செய்ய நீதிமன்ற அனுமதி எடுக்க வேண்டும், பிறகு பொலிஸ் விசேட அதிரடிப்படை வர வேண்டும். அதுவரைக்கும் குடும்பம் தங்கச்சி வீட்டில் படுத்தெழும்பியது. கடைசியில் வந்தார்கள், வெளியில் கொண்டுபோய்க் கவனமாகத்தான் வெடிக்க வைத்தார்கள். வந்த பொடியன்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிசன் ஓர் அலுவலகத்தில் போய், "மிச்ச வளவையும் ஒருக்கால் சோதிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டபோது, கடிதம் எழுதிக் கொடுங்கள், நிதி வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். அதாவது, மண்ணுக்குள் இருக்கும் இரும்பு வெடிக்காததென்றால் அரசாங்கத்தின் சொத்து. வெடிக்கக்கூடியதென்றால் காணிக்காரனின் தலைவிதி.

என் சண்டை இந்த இடத்தில்தான்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1க்குள் தன் மண்ணிலிருக்கும் மிதிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டும். நல்ல விசயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உடன்படிக்கை மிதிவெடிக்கு மட்டும்தான். வெடிக்காத ஷெல்லுக்கும் மோட்டாருக்கும் கைக்குண்டுக்கும் அதில் காலக்கெடு கிடையாது. நாளைக்கு மேடை போட்டு "மிதிவெடியற்ற இலங்கை" என்று அறிவித்தாலும், அடுத்த நாள் கிணறு வெட்டுகிறவனுக்கு அந்த அறிவிப்பால் ஒரு பயனும் இல்லை.

காசு வந்த வழியையும் பார். ரயில் பாதையைத் திருப்பிப் போட இந்தியாவிடம் கடன் வாங்கினார்கள், இர்கோன் நிறுவனம் வந்து போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. பளைக்கு முதல் ரயில் வந்த அன்று நானும் போய் நின்றேன், கண் கலங்கியது உண்மை. அந்தக் கடன் நாட்டின் கடன், எல்லோரும் சேர்ந்து கட்டுகிறோம். கண்ணிவெடி அகற்றும் வேலைக்கோ பெரும்பங்கு வெளிநாட்டு உதவி. ராணுவத்துக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் எல்லாம் ஜப்பான், அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகள் கொடுப்பதை வைத்துத்தான் ஓடுகின்றன. ரயிலுக்குக் கடன், உயிருக்குத் தானம். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது உலகம் முழுக்க இந்த வேலைக்கு அது கொடுத்துவந்த பணமும் அதோடு நின்றது. தானத்தை நம்பி இருந்தால் அப்படித்தான்.

புதிய தண்டவாளம் போட முன்னர் பாதை நிலத்தை ஒழுங்காகச் சோதித்துத் துப்புரவாக்கினார்கள். தேவையென்றால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் முகமாலையில் பாதைக்குப் பக்கத்தில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. எழுதுமட்டுவாளுக்கும் பளைக்கும் இடையில் யன்னல் வழியாகப் பார்த்தால், வெயிலில் குனிந்திருந்து மண்ணைச் சுரண்டுகிற பெண்கள் தெரிவார்கள். வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் எங்கள் ஊர்ப் பெண்கள், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். இயக்கம் செய்த ஜொனி என்ற மிதிவெடிக்குப் பெட்டி மரம், உள்ளே உலோகம் கொஞ்சம்தான், அதனால் கருவி சத்தம் போடாமல் ஏமாற்றிவிடும். மரம் உக்கிப்போனால் இன்னும் கரைச்சல். ஒரு முழ நிலத்துக்கு அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தவன் காணி விலையைப் பற்றி வேறுவிதமாகத்தான் யோசிப்பான்.

"ஜொனியை வைத்தது இயக்கம்தானே?" என்று நீ அடுத்த கடிதத்தில் எழுதுவாய், தெரியும். ஓம், வைத்தது. எங்களிடம் கேட்டு வைக்கவில்லை, ஆனால் வைத்தது. அதற்கு இப்போது யாரைக் கூப்பிடுவது? இயக்கம் விட்டுப்போன வாகனத்தையும் நகையையும் அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்தது. முதுசம் எடுத்தவன் கடனையும் எடுப்பான் என்பது எங்கள் ஊர் வழக்கம். உங்கள் ஜேர்மனியில் ஹிட்லர் அரசின் குண்டுகளை அகற்றும் செலவை இன்றைய கூட்டாட்சி அரசு ஏற்கிறது, நேசநாடுகள் போட்டதற்கு மாநிலங்கள் செலவழிக்கின்றன, இரண்டுக்கும் இடையில் வருடக்கணக்காக இழுபறி என்று நீதானே எழுதினாய். இழுபறிப்படட்டும். ஆனால் 2017இல் பிராங்ஃபர்ட்டில் ஒற்றைக் குண்டுக்காக அறுபதாயிரம் பேரை வெளியேற்றினார்களே, அன்று யார் போட்ட குண்டு என்று கேட்டு நின்றார்களா?

திருட்டுக்கு வருகிறேன். இப்போதும் நடக்கிறது, தண்டவாளக் கிளிப்பைக் கழற்றுகிறார்கள், சமிக்ஞைச் செப்புக் கம்பியை வெட்டுகிறார்கள். அவனை நான் நியாயப்படுத்த மாட்டேன். ரயிலில் இருப்பவர்களின் உயிரோடு விளையாடுகிற வேலை அது, உள்ளே போடத்தான் வேண்டும். ஆனால் வாங்குகிறவனை யார் பிடிக்கிறார்கள்? பழைய இரும்புத் தராசில் கிளிப்பும் ஏறுகிறது, வெற்று ஷெல் கோதும் ஏறுகிறது, சில நாள் வெடிமருந்து உள்ள, வெற்றில்லாததும் ஏறுகிறது. பித்தளைக்கு விலை கூட என்பதால் ஷெல்லின் மூக்கைக் கழற்றப் பார்த்துக் கையிழந்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். அந்தத் தராசைக் கண்காணித்தால் திருட்டும் குறையும், கையும் மிஞ்சும். அதற்கு வெளிநாட்டு நிதி வேண்டியதில்லை. ஒரு பதிவேடும், அதை வந்து பார்க்கிற ஓர் உத்தியோகத்தரும் போதும்.

காலிழந்தவர்களின் கதை தனி. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987இலிருந்து செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. அதுவும் தருமத்தில் ஓடுவது. 2018இல் இழப்பீட்டு அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது. விடு.

உன்னிடம் ஓர் உதவி. அங்கே வீடு கட்ட முன்னர் நிலத்தில் குண்டு இல்லை என்று கடதாசி எடுக்க வேண்டியிருந்தது, போர்க்காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். அந்தக் கடதாசியின் பிரதி இருந்தால் அனுப்பு, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் நீயே எழுதிவை. பிரதேச சபையில் எனக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார், அடுத்த கூட்டத்தில் அதைக் காட்டிக் கேட்கிறேன் என்கிறார். மாசி மாதத்துக்கு முன் கிடைத்தால் நல்லது.

பினாட்டு வேண்டுமென்று எழுதியிருந்தாய். வருகிறவர் யாராவது இருந்தால் சொல், கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்
உன் பழைய கூட்டாளி