மீன்பாசி ஏலம் விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீர்வளத் துறை, மீன்வளத் துறை, ஊராட்சி ஒன்றிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஜூலை முதல் தேதி புதுப் பசலி, அதாவது வருவாய்க் கணக்கின் புது ஆண்டு, பிறக்கிறது. அதையொட்டி மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் மீன் பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசியை, ஏலம் விடுவீர்கள். ஏலமே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. ஓராண்டுக்கு மட்டும் என்று விடாதீர்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஜூலையில் எங்கள் கண்மாய் உள்வாயில் கிடப்பது சீமைக்கருவையும் வெடித்த மண்ணும்தான். ஐப்பசி மழையில் தண்ணீர் வந்து, கார்த்திகையில் கண்மாய் நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் பாய்ந்தால் அது நல்ல வருஷம். ஏலம் எடுத்தவர் அதன் பிறகுதான் குஞ்சு விட முடியும். மாசி, பங்குனியில் அறுப்பு முடிவதற்குள் தண்ணீர் தரைதட்டத் தொடங்கிவிடும். பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் கட்டியவருக்கு மீன் வளரக் கிடைப்பது நாலைந்து மாதம். கட்லாவும் ரோகுவும் தேங்கிய தண்ணீரில் தானாக இனம் பெருக்குவதில்லை. அவற்றுக்கு ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால் வருஷா வருஷம் குஞ்சை விலைக்கு வாங்கித்தான் விட வேண்டும். அடுத்த பசலியில் கண்மாய் யார் கைக்குப் போகுமோ தெரியாதபோது, ஒரு மீனையாவது மிச்சம் வைக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கடைசி மீன்வரை அரித்துத்தான் எடுப்பேன்.

ஆனால் அப்படி அரிப்பதற்குத் தண்ணீர் வற்ற வேண்டும். வயலுக்குக் கடைசித் தண்ணீர் தேவைப்படுகிற நேரத்தில், ராத்திரியில் யாரோ மடையைத் திறந்துவிட்டிருப்பார்கள். எங்கள் ஊரிலும் அது நடந்தது. மனுவோடு போனோம். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது. அங்கே போனால், முதலில் போன இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர் பாசனத்துக்கே என்று ஏல நிபந்தனையில் எழுதியிருக்கிறதே என்றால், எழுதியிருக்கிறதுதான் என்று ஒத்துக்கொள்கிறார்கள். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் அந்த ஒப்புதலை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

அடுத்தது நாட்டு மீன். விரால், ஆரல், குறவை, உளுவை, அயிரை, நாட்டுக் கெளுத்தி, இவற்றையெல்லாம் யாரும் விலை கொடுத்துக் கண்மாயில் விடுவதில்லை. சேற்றில் புதைந்தும், மடையடிப் பள்ளத்தில் ஒதுங்கியும் கோடையைத் தாண்டி, புதுத்தண்ணீர் வந்ததும் வரத்துக்காலில் எதிர்த்து ஏறிப் பெருகியவை இவை. விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக்கொண்டு திரியும். செம்பட்டையாகக் குஞ்சுக்கூட்டம் மிதந்தால், அந்த இடத்தில் தூண்டில் போடாதே என்று அதட்டுகிற கிழவர்கள் இன்றும் எங்கள் கரையில் உண்டு. தாய் போனால் குஞ்சு மற்ற மீனுக்கு இரையாகும். மதுரைச் சந்தையில் உயிரோடு விற்கிற அயிரையின் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள். எந்தச் செலவும் இல்லாமல் கண்மாய் தந்துகொண்டிருந்த சரக்கு அது. கொசுவலை போட்டு இழுத்து, பள்ளத்து நீரையும் மோட்டார் வைத்து இறைத்த கண்மாயில், அடுத்த மழைக்கு எந்த மீன் பெருகும்?

அந்த இடத்தை நிரப்ப ஜிலேபி வந்துவிடுகிறது. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த மீன். சில மாதங்களிலேயே சினைப்பட்டு, கண்மாய் முழுக்க உள்ளங்கை அகலத்துக்கு மேல் வளராத கூட்டமாகிவிடும். அதைவிடக் கொடுமை ஆப்பிரிக்கக் கெளுத்தி. அது தடை செய்யப்பட்ட மீன் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோழிக்கழிவைக் கொட்டினாலும் கொழுக்கும், குறைந்த காலத்தில் எடை கூடும் என்பதால் திருட்டுத்தனமாக விடுகிறார்கள். ஓராண்டு ஏலத்துக்கு இதைவிடத் தோதான மீன் ஏது? கலுங்கு வழியாக ஒரு முறை வெளியேறிவிட்டால், கீழே உள்ள அத்தனை கண்மாய்க்கும் போய்விடும்.

மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடப்பது உங்களுக்குத் தெரிந்ததே. அறுப்பு முடிந்த பிறகு, பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, அரிகூடை என்று மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்கும். பிடித்ததை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைப்பதுதான் வழக்கம். நான் கவனித்தவரை, அந்த நாள் வரும்வரை மடையில் யாரையும் கை வைக்க அந்த ஊர்கள் விடுவதில்லை. மீன் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் காவலும் எல்லோருடையதாகிறது. இந்தக் கண்மாய்களை ஏலப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்து வரக்கூடிய வருமானம் உங்கள் கணக்கில் ஒரு வரிகூட இருக்காது.

மற்றக் கண்மாய்களை ஐந்தாண்டுக்கு விடுங்கள். நீர்த்தேக்கங்களில் நீண்ட குத்தகைக்கு விட்டுப் பழகியவர்கள்தானே நீங்கள். உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ எடுக்க முன்வந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். மடையடிப் பள்ளத்தில் முழங்கால் அளவுக்குக் கீழே தண்ணீரை இறைக்கக் கூடாது, அங்கே வலையும் இழுக்கக் கூடாது என்று எழுதுங்கள். மடைச் சாவி, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியிடம் இருக்கட்டும். மழைக்காலத்தில் கலுங்கில் வலையும் தட்டியும் கட்டி அடைப்பதை நிறுத்துங்கள். செத்தை அடைத்துக் கரை உடைந்தால் ஊருக்குத்தான் ஆபத்து. வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். மீறினால் குத்தகை ரத்து என்பதையும், ரத்து செய்யப் போகிற அதிகாரி யார் என்பதையும் அறிவிப்பிலேயே போடுங்கள். இந்தக் கடைசி விஷயம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

ஏலப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏரி மீனில் வந்த வருமானத்தை அதே ஏரியைத் தோண்டவும் கரையைக் காக்கவும் ஒதுக்கிய செய்தி பழைய கல்வெட்டுகளில் உண்டு. எங்கள் கண்மாய்ப் பணத்தில் மடைக்கு ஒரு பலகையாவது மாற்றித் தரக் கூடாதா?

அடுத்த பசலிக்கான அறிவிப்பை ஒட்டுவதற்கு முன், சித்திரையிலேயே ஆயக்கட்டுதாரர்களை, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பயிரிடுகிறவர்களை, கூப்பிட்டுப் பேசுங்கள். கண்மாய்க் கரையிலேயே கூட்டம் போடலாம், நிழலுக்கு அரசமரம் இருக்கிறது. நீர்வளத் துறை, மீன்வளத் துறை இரண்டிலிருந்தும் ஆளுக்கொருவர் ஒரே நாளில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர் ஆயக்கட்டு விவசாயி