கிணற்றடிச் செம்பருத்தி

கோயம்புத்தூர்,
ஆவணி 28.

அன்புள்ள மங்கைக்கு,

நான் நலம். நீயும் அண்ணனும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு எட்டு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். முழங்கால் வலியால்தான் நான் எழுதவில்லை என்று சரசு உன்னிடம் சொல்லியிருப்பாள். வலி உண்மைதான். ஆனால் முழங்காலால் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மைக் காரணம் வேறு. உன் அம்மாவின் கிணற்றடிச் செம்பருத்தியை நான் ஏறக்குறையக் கொன்றுவிட்டேன்.

கடிதத்தை மடித்து எறிந்துவிடாதே. செடி பிழைத்துவிட்டது. இன்று காலையில் ஒரு பூவும் பூத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். ஆனாலும் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பொங்கல் கடிதத்தில் அந்தச் செடியிலிருந்து ஒரு குச்சி கேட்டிருந்தாயே, அதற்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

உடுமலை வீட்டை விற்ற வைகாசியில் நாம் இருவரும் ஐந்து குச்சிகள் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். அவற்றில் பிழைத்தது ஒன்றே ஒன்று. அந்த வகை நம் ஊரில் காய் பிடித்து நான் பார்த்ததே இல்லை. குச்சியை நட்டு வளர்த்தால்தான் உண்டு. ஆகவே என் வீட்டுச் சுற்றுச்சுவரோரம் நிற்பதை உன் அம்மா வைத்த செடியின் பிள்ளை என்று சொல்ல முடியாது. அது அதே செடி. கிணற்றடியில் கிடந்த உடம்பின் ஒரு துண்டுதான் இங்கே வேர் பிடித்து நிற்கிறது. வீட்டை வாங்கியவர்கள் மூலச்செடியைப் பிடுங்கிவிட்டு அங்கே வண்டி நிறுத்தக் கொட்டகை போட்ட செய்தி வந்ததிலிருந்து, இந்த எண்ணம் என்னைப் பலமுறை தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறது.

என் தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன். கார்த்திகையில் செடிக்குப் பக்கத்தில் நான்கு வெண்டைச் செடிகள் போட்டேன். வெண்டை, பருத்தி, பூவரசு, செம்பருத்தி எல்லாம் ஒரே குடும்பம் என்பதைப் பத்தாம் வகுப்பில் படித்தோம். அந்தப் பூவைப் பிளேடால் இரண்டாகப் பிளந்து, குழாய்போல் ஒன்றுசேர்ந்த மகரந்தத் தாள்களை வரைந்து, பிறகு மிச்ச இதழ்களைத் தலைமையாசிரியையின் காலணியில் தேய்த்துப் பளபளப்பாக்கிய வகுப்பை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் ஒரே குடும்பமென்றால் நோயும் பூச்சியும்கூடப் பங்காளிச் சொத்துதான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. வெண்டையில் ஏறிய பூச்சிக்குச் செம்பருத்தி எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அடுத்தது தண்ணீர். சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராமல், மாசியிலிருந்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே ஊற்றினேன். நுனித்தளிர்கள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீரிலும் வேர் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இதைப் பிறகு கற்றுக்கொண்டு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தேன். அந்த அளவில் சரியாயிற்று. அது சிறிய தவறு.

பெரிய தவறு பங்குனியில் நடந்தது. ஒரு நாள் காலையில் நுனிக் கிளைகள் எல்லாம் கோலமாவைக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தன. தளிர்கள் சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி இறுகியிருந்தன. அடியிலைகளில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரிப்புகைபோல் பூசணம், தண்டில் மேலும் கீழுமாக எறும்புச் சாரை. மாவுப்பூச்சி. 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இதே கோவையில் கண்டுபிடிக்கப்பட்டு, ஈரோடு, திருப்பூர், சேலம் வரை பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் மொட்டையடித்த அந்த வெள்ளைப் பிசாசை நான் நேரில் கண்டவள். பின்கட்டில் நின்ற என் பப்பாளி மரத்தை அந்த ஆண்டுகளில்தான் வெட்டிப் போட்டேன். ஆகவே இந்த முறை எனக்குப் பயத்தில் கைகால் ஓடவில்லை.

கூர்ந்து பார்த்தபோது, கூட்டத்தில் சில பூச்சிகள் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியவையாக இருந்தன. உடம்பெங்கும் வெள்ளைத் திரிகள் தொங்க, மற்றவை ஒட்டிக்கொண்டு கிடக்கையில் இவை மட்டும் கிளையில் விறுவிறுவென்று நடந்தன. இவைதாம் தாய்ப்பூச்சிகள், இவற்றை ஒழித்தால் வம்சமே அழியும் என்று முடிவு கட்டினேன். வாசல் தெளிக்கும் வாளியில் சோப்புத் தண்ணீர் நிரப்பி, பழைய பல்துலக்கியால் ஒவ்வொன்றாகத் தள்ளி மூழ்கடித்தேன். இரண்டு நாளில் 43. கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணாமல் இருப்பேனா? மூன்றாம் நாள் அவற்றில் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்காம் நாளிலிருந்து மாவுப்பூச்சி முன்னைவிட வேகமாகப் பெருகிற்று.

பக்கத்து வீட்டுப் பெண் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் என் வீரத்தைச் சொன்னேன். வாளியில் மிதந்த கடைசி இரண்டு பிணங்களைக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தக் குழந்தை சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். "டீச்சர், நீங்க கொன்னதெல்லாம் உங்க கட்சி ஆளுங்க" என்றாள்.

அவை கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்களாம். வளர்ந்த வண்டு கருப்பு உடலும் ஆரஞ்சுத் தலையுமாக இருக்கும். புழுப்பருவத்தில் மட்டும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு, அதன் கூட்டத்துக்குள் நுழைந்து முட்டை முதல் தாய் வரை தின்று தீர்க்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை, காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சிகளைத் தின்பதற்காக 1898இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். யாரும் அழைக்காமல், ஒரு காசு வாங்காமல், உன் அம்மாவின் செடிக்கு வைத்தியம் பார்க்க வந்த 43 வைத்தியர்களை நான் வாளியில் முக்கிக் கொன்றிருக்கிறேன். வித்தியாசம் காண்பது ஒன்றும் கடினமில்லையாம்: நடப்பது நண்பன், கிடப்பது பகைவன். இதை யாராவது எனக்குப் பங்குனியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பதற்றத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடைக்குப் போய், செடிக்குள் ஊடுருவும் நஞ்சு ஒன்றை வாங்கி, அளவு பாராமல் தெளித்திருந்தேன். மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை கவசமாக இருந்தது. எறும்புகளோ அதன் கழிவாக வரும் இனிப்புநீருக்காக அதை மாடு மேய்ப்பதுபோல் கிளைக்குக் கிளை ஓட்டிச் சென்று காவல் காத்தன. மூன்று வாரத்தில் பூச்சி மீண்டும் வந்தது. இலைகள் உதிர்ந்தன. தினமும் காலை ஏழு மணிக்கு வந்து பூவின் அடியில் அலகை நுழைக்கும் தேன்சிட்டு வருவதை நிறுத்திவிட்டது. செத்துக் கிடக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். மங்கை, அந்த வாரத்தில் உனக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். "நலம்" என்ற சொல்லுக்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

சித்திரைக் கடைசியில் அந்தப் பெண் சொன்னபடி செய்தேன். தரையிலிருந்து ஓரடி உயரம் மட்டும் விட்டு, முழுச் செடியையும் வெட்டினேன். வெட்டியவற்றை எருக்குழியில் போடாமல் எரித்தேன். வெண்டையைப் பிடுங்கினேன். எறும்பு ஏறாதபடி தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் கிரீஸ் தடவினேன். எறும்புக் காவல் போனால் பாதி வேலை முடிந்தது, மீதியை மற்றப் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும் என்று அவள் சொன்னாள். நஞ்சை அதோடு விட்டேன். இப்போது வாரம் ஒரு முறை குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, வெள்ளை தெரிந்தால் மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து அந்தி நேரத்தில் அந்த இடத்துக்கு மட்டும் தெளிப்பது, இவ்வளவுதான்.

வைகாசி முழுவதும் வெறும் கட்டை. நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று தினம் பார்த்துப் பார்த்து, கீறலாலேயே அது செத்துவிடும் போலிருந்தது. ஆனி பிறந்து மேற்கே மழை பிடித்து, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசத் தொடங்கியதும், கட்டையின் பக்கவாட்டில் கடுகளவு முளைகள் ஐந்து கண்டேன். செம்பருத்தி புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். ஆண்டுக்கு ஒரு முறை அதை வெட்டிவிட்டால் பூ குறையாது, கூடும். இது தெரியாமல் உன் அம்மா செடி என்று பயந்து இத்தனை ஆண்டுகள் கத்தரியே படாமல் வளர்த்து, உள்ளே காற்றும் வெயிலும் புகாத புதராக்கி, பூச்சிக்கு அரண்மனை கட்டிக்கொடுத்ததும் நான்தான்.

ஆடியில் மொட்டு விட்டது. முதல் ஏழு மொட்டுகளும் விரியாமலே உதிர்ந்தன. நீ சிரிப்பாய்: காரணம் என் அன்பு. காய்ந்துவிடுமோ என்று காலையும் மாலையும் ஊற்றி வேரை ஊறவைத்திருக்கிறேன். மேல்மண் காய்ந்த பிறகு வேர் வரை இறங்க ஒரு முறை ஊற்றினால் போதுமென்று நிறுத்தினேன். எட்டாவது மொட்டு நின்றது. "மொட்டைப் பறிச்சாக் கை மொட்டையாயிரும் அம்மிணி" என்று உன் அம்மா கிணற்றடியில் நின்று நம்மை மிரட்டியது ஞாபகம் வந்து, அந்தப் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை. இன்று காலை விரிந்தது. முன்னைவிடச் சிறிய பூ. நிறம் மாறவில்லை. கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்லாதே, அதில் அந்தச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிகிறது. நாளைக் காலையில் குடைபோல் சுருண்டு விழுந்துவிடும். யாருடைய குடை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உன் கோரிக்கைக்கு வருகிறேன். ஈப்போ வீட்டு வாசலில் நடுவதற்கு ஒரு குச்சி வேண்டும், மார்கழியில் ஊருக்கு வரும் உன் மருமகள் பட்டுப் புடவை மடிப்புக்குள் வைத்து எடுத்து வந்துவிடுவாள் என்று எழுதியிருந்தாய். அது நடக்காது, மங்கை. உயிருள்ள செடியை மலேசியாவுக்குள் கொண்டுபோக அந்நாட்டு அரசின் அனுமதியும் இங்கிருந்து பயிர் நலச் சான்றிதழும் வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. என் பப்பாளியை வெட்டவைத்த பூச்சி மெக்சிகோ பக்கத்தது. அது இங்கே வந்து சேர்ந்த பிறகு, அதை அடக்குவதற்கு 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவிகளை வரவழைத்து, வளர்த்து, ஊர் ஊராகத் தோட்டங்களில் விடவேண்டியிருந்தது. கரீபியக் கடலில் கிரனடா என்ற சிறு தீவில் 1994இல் செம்பருத்தியின் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி நுழைந்து, பக்கத்துத் தீவுகளுக்கும் பரவிற்று. ஒரு குச்சியின் கணுவிடுக்கில் பத்து முட்டை இருந்தால் உன் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது. நான் எதை எதாகப் பார்ப்பவள் என்பதுதான் இப்போது நிரூபணமாகிவிட்டதே.

நீ என்ன வாதாடுவாய் என்பதும் தெரியும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் செம்பருத்திக்குச் சூட்டிய பெயரே சீனத்து ரோஜா என்று பொருள்படுவது, உன் அம்மா உடுமலைச் சரக்கு என்று பெருமைப்பட்டதே எந்தக் கப்பலில் வந்ததோ, அப்போது யார் சான்றிதழ் கேட்டார்கள் என்பாய். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதுதான் என் பதில். போதாக்குறைக்கு, 1960இல் செம்பருத்தியைத் தேசிய மலராக அறிவித்து, மலாயில் புங்கா ராயா என்று அழைத்து, ரிங்கிட் நோட்டிலும் அதன் படத்தை அச்சிட்டு வைத்திருக்கும் நாட்டுக்கு, நான் கோவையிலிருந்து செம்பருத்தி கடத்தவேண்டும் என்கிறாய். அங்கே வாங்கிக்கொள் என்று எழுத நா எழவில்லை. நீ கேட்பது பூவை அல்ல என்று எனக்குத் தெரியாதா?

ஆகவே இப்படிச் செய்திருக்கிறேன். ஆடிக் கடைசியில், தேறிய கிளையிலிருந்து பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் ஆறு குச்சிகள் எடுத்து, கீழ்க்கணுவுக்கு அடியில் சரிவாக வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்து நிழலில் நட்டேன். நான்கு கறுத்துவிட்டன. இரண்டு தளிர்த்திருக்கின்றன. மெல்ல இழுத்துப் பார்த்தேன், பிடித்துக்கொள்கின்றன. ஒன்றைச் சரசு வீட்டில் வைக்கப்போகிறேன், என் கையிலேயே எல்லாம் இருப்பது ஆபத்து என்பதால். அவளுக்குச் செடி வளர்க்கத் தெரியாது. அதனாலேயே அது நன்றாக வளரும்.

இன்னொன்று உன் பெயரில் மண்தொட்டியில் இருக்கிறது. சான்றிதழ் வாங்க எங்கே போகவேண்டும் என்று அந்தப் பெண் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். வேரை மண் நீங்கக் கழுவிக் காட்டவேண்டியிருக்குமாம். அங்கே அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது உன் மகன். அவனிடம் சொல், சொல்லிவிட்டு எனக்கு எழுது. இல்லையென்றால் தையில் நீயே வா. கத்தரி போடும் பருவம் அது. எதை வெட்டுவது, எதை விடுவது என்று இந்த முறை நீ பக்கத்தில் நின்று சொல்.

தேன்சிட்டு இன்னும் வரவில்லை. அண்ணனுக்கு என் வணக்கம். பேரன் பெயரை ஒழுங்காக எழுதி அனுப்பு, சரசு சொல்வது ஒரு மாதிரியாகவும் நீ எழுதியது வேறு மாதிரியாகவும் இருக்கிறது.

அன்புடன்,
குமுதா