பெட்டி கட்டும் முன் ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

நீல அட்டை போட்ட என் நோட்டு போன வாரம் தீர்ந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். இரண்டு வருடம், 41 புத்தகங்கள். எல்லாம் இளையோர் நாவல்கள். "இந்த வயசுல இதெல்லாமா?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஒன்றும் கேட்காமல் கையில் புத்தகத்தைக் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்தக் கடிதம் அந்தக் கொஞ்சம் பேருக்கு. பெயரைப் போட்டால் பேசவே மாட்டோம் என்று இரண்டு பேர் மிரட்டியிருப்பதால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். நான் எழுதிவைத்த கருத்துகளில் பாதிக்கு மேல் அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு அடித்தலுக்குப் பின்னாலும் உங்களில் ஒருவர் நிற்கிறீர்கள். புத்தகம் கொடுத்ததற்கு நன்றி சொல்வது சுலபம். என்னோடு மல்லுக்கு நின்றதற்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். (கதை முடிவுகளை இதில் போட்டு உடைத்திருக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும்.)

முதலில் அக்கா மகளுக்கு. கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தபோது, ஒரு துணிப்பை நிறையப் புத்தகத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தவள் நீதான். மேலே இருந்தது 'தி ஹங்கர் கேம்ஸ்'. 2008இல் வந்தது. "நூறு பக்கம் படிங்க மாமா, அப்புறம் திட்டுங்க" என்றாய். நூறாவது பக்கத்தில் சொன்னபடி திட்டினேன். 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை, மாவட்டத்துக்கு ஓர் ஆண் ஒரு பெண் என்று 24 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதைத் தொலைக்காட்சியில் காட்டுவதா? நோட்டில் 'ரத்தத்தை விற்கிற கதை' என்று எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டுச் சண்டை போடவில்லை. "ரொட்டி வர்ற இடம் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாய்.

இரண்டு நாள் கழித்து வந்தது. ரூ என்ற 12 வயதுச் சிறுமி செத்துப்போகிறாள். கதாநாயகி கேட்னிஸ் அவளுக்குப் பாட்டுப் பாடி, உடம்பைப் பூவால் அலங்கரித்துவிட்டு நகர்கிறாள். களத்தில் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து காசு கட்டிப் பரிசு அனுப்பலாம். அப்படி ஒரு சின்ன பாராசூட்டில் ரொட்டி ஒன்று இறங்குகிறது. பிறை வடிவம், மேலே விதை தூவியது. ரூவின் 11ஆம் மாவட்டத்து ரொட்டி. அரைவயிற்றுச் சனங்கள் தங்கள் பிள்ளைக்கென்று காசு சேர்த்திருப்பார்கள் போல. பிள்ளை போய்விட்டாள். காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல், அவளைப் பூவால் மூடிய வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்னிஸ் வெளிச்சத்துக்கு வந்து நின்று, அந்த மக்களுக்கு வாய்விட்டு நன்றி சொல்கிறாள். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். ரத்தத்தை விற்கிறவர்கள் யார் என்பதைத்தான் புத்தகமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பக்கம் போட்டி நிகழ்ச்சியும் இன்னொரு பக்கம் இராக் போர்க் காட்சியுமாகச் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதை தோன்றியது என்று ஆசிரியர் சூசன் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். நோட்டில் அந்த வரியை அடித்தேன்.

ஆனால் மூன்றாம் புத்தகம் விஷயத்தில் நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை. கேட்னிஸின் தங்கை ப்ரிம்மைக் கொன்றிருக்கக் கூடாது என்று நீ இன்றைக்கும் கண் கலங்குகிறாய். தங்கையைக் காப்பாற்றத்தானே அக்கா அந்தக் களத்துக்கே போனாள், அந்தத் தங்கையையே போர் எடுத்துக்கொண்டது என்பதுதான் கதை என்கிறேன் நான். உனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தாலும் பிடிக்கவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது, என் அகராதியைப் பிடுங்கிக்கொண்ட நண்பனுக்கு. ஆங்கிலத்தில் கதை படித்துப் பழக்கமில்லாதவன் நான். ஒரு பக்கத்துக்கு இருபது சொல் தேடுவேன். தேடி முடிப்பதற்குள் யார் யாரை அடித்தார்கள் என்பது மறந்துபோகும். "பக்கத்துக்கு மூணு வார்த்தைதான். அதுக்கு மேல தேடினா போனைப் பிடுங்கிடுவேன்" என்றாய். பிடுங்கவும் பிடுங்கினாய். அப்போது கையில் இருந்தது 'தி புக் தீஃப்'. மார்கஸ் ஸூசாக் எழுதியது, 2005. சாவே உட்கார்ந்து கதை சொல்கிறது. நாஜி ஜெர்மனியில், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத லீசல் என்ற சிறுமி, தம்பியைப் புதைத்த இடத்தில் கீழே கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்து ஒளித்துவைத்துக்கொள்கிறாள். வளர்ப்பு அப்பா ஹான்ஸ் ஒரு பெயின்டர். அவள் கெட்ட கனவு கண்டு விழித்துக்கொள்ளும் நடுராத்திரிகளில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். எதில் எழுதி? உப்புத்தாளின் பின்பக்கத்தில். தாள் தீர்ந்ததும் நிலவறைச் சுவரில் பெயின்டால் எழுதுகிறார்கள். அகராதி இல்லாமல் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் வந்த தைரியத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. லீசலின் நண்பன் ரூடி சாகப்போவதை முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள், இது என்ன கதை சொல்கிற லட்சணம் என்று நீ எரிச்சல்பட்டாய். தெரிந்திருந்தும் அந்த இடம் வந்தபோது அழுதவன் நான் மட்டும் இல்லை. உன் குரல் போனில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது அக்காவுக்கு. உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றதும் "நான் எந்தப் புத்தகத்தைப் படிச்சேன்?" என்று சிரித்தாய். நீ ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லைதான். 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' (ஜான் கிரீன், 2012) கதையை நான் சொல்லச் சொல்ல, துணி மடித்துக்கொண்டே கேட்டாய். புற்றுநோய் வந்த 16 வயது ஹேசல், ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே நடக்கிறவள். எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்த அகஸ்டஸ். இரண்டு பேரும் காதலிக்கிறார்கள், ஆம்ஸ்டர்டாம் போகிறார்கள் என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க, நீ ஒரு சட்டையை உதறிக்கொண்டே, "அந்தப் பொண்ணோட அம்மா என்ன பண்றா?" என்றாய்.

எனக்குப் பதில் தெரியவில்லை. படித்து முடித்த புத்தகம்! திரும்பப் போய்ப் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் மகள் சாகக் கிடந்தபோது, 'இனி நான் அம்மாவாக இருக்க மாட்டேன்' என்று அவள் அழுதது மகளின் காதில் விழுந்திருக்கிறது. மகள் அதை வருடக்கணக்காகச் சுமந்துகொண்டே திரிகிறாள். பிற்பாடுதான் தெரிகிறது, அம்மா யாருக்கும் சொல்லாமல் சமூகப் பணிப் படிப்பு படித்துக்கொண்டிருக்கிறாள். தான் இல்லாத நாட்களுக்கு அம்மா தயாராகிறாள் என்று மகள் நினைத்துவிடக் கூடாதே என்று மறைத்திருக்கிறாள். மகளோ அதைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுகிறாள். நான் காதல் கதை படித்தேன். நீ கேட்ட ஒரு கேள்வியில் அது வேறு கதையாகிவிட்டது. உன்னிடம் வந்து சொன்னபோது, "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாய்.

அந்த அகஸ்டஸ் பற்றி ஒரு குறிப்பு. பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, கொல்லும் பொருளைப் பல்லிடுக்கில் வைத்திருக்கிறேன், கொல்லும் சக்தியை அதற்குக் கொடுக்கவில்லை என்று வியாக்கியானம் செய்வான். 'அலட்டல்' என்று நோட்டில் எழுதினேன். "அலட்டல்தான் மாமா. அதே சிகரெட் பாக்கெட்டை வாங்க ராத்திரி தனியா காரை எடுத்துட்டுப் போய், வாங்க முடியாமக் கிடக்கிறானே, அதைப் படிச்சீங்களா இல்லையா?" என்றாள் அக்கா மகள். படித்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்னொரு அடித்தல்.

எதிர் மேசையில் இருக்கும் அம்மணிக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். மதிய இடைவேளையில் 'ட்வைலைட்' நாவலை நான் கிண்டலடித்துக்கொண்டிருந்தபோது நீங்களும் அங்கே இருந்தீர்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. ரத்தக்காட்டேரிக்கு வெயில் பட்டால் உடம்பு மின்னுமாம் என்று அபிநயம் வேறு பிடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "ரெண்டாவது புத்தகம் படிச்சீங்களா சார்?" என்றீர்கள். முதலாவதே போதும் என்றேன். மறுநாள் 'நியூ மூன்' என் மேசையில் இருந்தது. ஓர் இடத்தில் காகிதம் செருகியிருந்தீர்கள். ரத்தக்காட்டேரிக் காதலன் எட்வர்ட் கதாநாயகியை விட்டுவிட்டுப் போன பிறகு வரும் பக்கங்கள். ஒரு பக்கத்தில் 'அக்டோபர்', அடுத்ததில் 'நவம்பர்', அப்புறம் 'டிசம்பர்', அப்புறம் 'ஜனவரி'. பக்கத்துக்கு ஒரே ஒரு சொல். வேறு எதுவும் கிடையாது. "எனக்கும் இப்படி நாலு மாசம் இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

தூங்குகிற பெண்ணை அவளுக்கே தெரியாமல் ராத்திரி ராத்திரி வந்து பார்த்துக்கொண்டிருப்பவனைக் காதலன் என்று என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அதை உங்களிடமே சொன்னேன். "அது எனக்கும் இப்பப் பிடிக்கலை" என்றீர்கள். ஆனால் அந்த நான்கு பக்கங்களைப் பற்றி இனி என் வாயில் ஒரு கிண்டலும் வராது.

நூலகர் அம்மாவுக்கு. புதிதாக வந்ததையே கேட்டுக்கொண்டிருந்தவனுக்குப் பழையதை எடுத்து நீட்டியது நீங்கள். 'தி அவுட்சைடர்ஸ்' நடை கரடுமுரடாக இருக்கிறது என்று குறைப்பட்டேன். எழுதத் தொடங்கியபோது எஸ். இ. ஹின்டனுக்கு 15 வயது, 1967இல் புத்தகம் வந்தபோது 18 என்றீர்கள். பெண் எழுதியது என்று தெரிந்தால் மதிப்புரை எழுதும் ஆண்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்றுதான் பெயருக்குப் பதில் முதலெழுத்துகளாம். "முதல் வரியையும் கடைசி வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க" என்றீர்கள். இரண்டும் ஒரே வரி. பள்ளிக் கட்டுரைக்காக, கதை சொல்லும் பையன் போனிபாய் எழுத உட்காரும் வரிதான் நாம் படிக்கத் தொடங்கிய வரி. கரடுமுரடாக இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? 14 வயதுப் பையன் அல்லவா எழுதுகிறான்!

உங்களிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த 'தி கிவர்' (லோயிஸ் லோரி, 1993) பிரதியின் கடைசிப் பக்கத்தில் பென்சில் கிறுக்கல் இருக்கிறது. நிறமோ வலியோ இல்லாத ஊரிலிருந்து, கொல்லப்படவிருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தப்பித்த ஜோனாஸ், பனிமலையில் சறுக்குவண்டியில் இறங்குகிறான். கீழே விளக்குகள் தெரிகின்றன, பாட்டுக் கேட்கிறது. அதோடு கதை முடிந்துவிடுகிறது. ஓரத்தில் ஒருவர் 'செத்துட்டான்' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, கொஞ்சம் அழுத்தி: 'இல்ல. போய்ச் சேர்ந்துட்டான்.' பின்னால் வந்த புத்தகங்களில் ஆசிரியரே அவன் பிழைத்ததைச் சொல்லிவிட்டார். எனக்கென்னவோ அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. முகம் தெரியாத அந்த இரண்டு பென்சில்களுக்கும் என் நன்றி. தயவுசெய்து அழித்துவிடாதீர்கள் அம்மா. அபராதம் கட்ட வேண்டுமென்றால் நான் கட்டுகிறேன்.

'டைவர்ஜென்ட்' எனக்கு இன்னும் தொண்டையில் இறங்கவில்லை. ஊரையே குணத்துக்கு ஒன்றாக ஐந்து பிரிவாகப் பிரித்தால் நாலு நாள் தாங்காது. "16 வயசுல நீ எந்த டப்பாவுலன்னு எல்லாரும் கேட்பாங்க மாமா, அதுதான் கதை" என்றாள் அக்கா மகள். இருக்கலாம். அதற்கு மூன்று புத்தகம் எதற்கு?

கடைசியாக, மறுபடியும் அக்கா மகளுக்கு, 'ஸ்பீக்'. லாரி ஹால்ஸ் ஆண்டர்சன், 1999. மற்ற புத்தகங்களைத் தூக்கிப் போடுகிறவள், இதை மட்டும் கையில் கொடுத்தாய். ஒரு விருந்தில் தனக்கு நடந்த கொடுமையை யாரிடமும் சொல்ல முடியாமல், பேச்சே அடங்கிப்போன மெலின்டாவின் கதை. உரையாடலை நாடகம் மாதிரி எழுதியிருக்கும் இடங்களில் 'நான்:' என்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. படித்து முடித்த அன்றே ஓடிவந்து உன்னிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. யாராவது உங்ககிட்ட சொல்ல வந்தா, நீங்க குறுக்க பேசக் கூடாதுன்னுதான் கொடுத்தேன்" என்றாய். நான் எவ்வளவு குறுக்கே பேசுகிறவன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நோட்டில் அந்தப் புத்தகத்துக்குத் தலைப்பு மட்டும் எழுதிக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை நீ விடுதிக்குக் கிளம்புகிறாய். இரவல் வாங்கிய உன் புத்தகங்களை எல்லாம் துடைத்து, அட்டை கிழிந்ததை ஒட்டி, பெட்டியில் அடுக்கிவிட்டேன். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். முதுகு பிய்ந்து, ரொட்டி வரும் பக்கத்தில் தானாகவே திறந்துகொள்ளும் அந்தப் பிரதி. தேடாதே, என்னிடம்தான் இருக்கிறது. அதற்குப் பதில் புதியது ஒன்று வாங்கி மேலாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா