ஒரு நம்பருக்கு ஒரு பேஷன்ட்தானாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு தனியார் லேப்புக்கு சுகர் டெஸ்ட்டுக்குப் போயிருந்தேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு போன் நம்பர் கேட்டுச்சு, சொன்னேன், ஸ்க்ரீன்ல என் பையன் பேரு வந்து நிக்குது, வயசு 6. போன வருஷம் அவனுக்கு டெங்கு டெஸ்ட் எடுத்தப்ப இதே நம்பரைத்தான் குடுத்திருந்தோம். அம்மாவுக்கு 71 வயசும்மா, புதுசா ஒண்ணு போடுன்னா, "ஒரு நம்பருக்கு ஒரு பேஷன்ட்தான் சார் ஏத்துக்கும், வேற நம்பர் இருக்கா"ங்குது. அம்மாகிட்ட போனே கிடையாது. கடைசில எதிர்வீட்டு சார் நம்பரைக் குடுத்துட்டு வந்தேன்.

அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. நான் 15 வருஷமா டேட்டாபேஸ் வேலைதான் பாக்குறேன், பாத்ததுமே புரிஞ்சுது, சாப்ட்வேர் எழுதினவங்க போன் நம்பரையே பிரைமரி கீயா வெச்சிருக்காங்க. டேபிள்ல, அதாவது கம்ப்யூட்டர்ல இருக்குற பட்டியல்ல, எந்த வரி யாரோடதுன்னு பிரிச்சுக் காட்டுறதுதான் பிரைமரி கீ. அது ரெண்டு பேருக்கு ஒண்ணா வரக்கூடாது, காலியா இருக்கக்கூடாது, நாளைக்கு மாறாம இருக்கணும். போன் நம்பர் இந்த மூணுலயும் அடி வாங்குது. ரீசார்ஜ் பண்ணாம விட்டு கட் ஆன நம்பரை 90 நாளைக்கு வேற யாருக்கும் குடுக்குறதில்லன்னு 2023ல சுப்ரீம் கோர்ட்லயே போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துற டிராய் அமைப்பு சொல்லிச்சு, சரி, 91வது நாள்? புதுசா அந்த சிம் வாங்கின ஆளு அதே லேப்புக்குப் போனா முந்தின ஆளோட ரிப்போர்ட்டெல்லாம் அவர் கையில.

அப்ப ஆதாரைப் போடலாமேம்பாங்க. நேத்து பொறந்த குழந்தைக்கு மஞ்சக்காமாலை பாக்கணும்னா என்ன பண்ணுவீங்க? அதுவும் இல்லாம பில்லு, ரிப்போர்ட்டு, பாக்கிக் கணக்குன்னு ஒவ்வொரு டேபிள்லயும் அந்த 12 டிஜிட் போய் உக்காரும், அத்தனை எடத்துல சிந்திக் கெடக்க வேண்டிய நம்பரா அது. பேரையும் பொறந்த தேதியையும் சேத்து வெக்கிறவங்க தனி ரகம், நம்ம ஊர்ல எஸ். முருகனும் முருகன் எஸ்ஸும் ஒரே ஆளாவும் இருக்கும் வேற வேற ஆளாவும் இருக்கும், எங்க அம்மாவோட பொறந்த தேதியே ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் போட்டதுதான்.

சிஸ்டமே 1, 2, 3ன்னு போட்டுக்கிற, அர்த்தம் எதுவும் இல்லாத நம்பர் போதுங்க. போன் நம்பர் பக்கத்துல ஒரு விவரமா இருக்கட்டும், அடிச்சா அந்த வீட்ல இருக்குற நாலு பேரையும் காட்டட்டும், மாறினா ஒரே எடத்துல மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு, ஒரே ஆளை ரெண்டு தடவை ஏத்துறதை இது தானா தடுக்காது, பேரு வயசு கேட்டுத் தேடிப் பாக்குற வேலை கவுன்ட்டர்லதான் நடக்கணும்.

இப்ப அம்மாவோட ரிப்போர்ட் எல்லாம் எதிர்வீட்டு சாரோட வாட்ஸ்அப்புக்குப் போகுது. நேத்து காலைல கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டே, "என்னம்மா, வெறும் வயித்துலயே 182ஆமே!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி விசாரிச்சாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்